ரேஸுக்கு ஏன் போகிறேன் என்று மகள் கேட்டாள்

மற்ற எந்தத் தொழிலிலும் முப்பது வருஷம் கிடந்தால் கொஞ்சமாவது பிடிபடும். குதிரை ரேஸ் பார்ப்பதில் மட்டும் முதல் நாள் புரியாதது முப்பதாவது வருஷமும் அப்படியே புரியாமல் இருக்கும். இதையெல்லாம் ஒரு தொழில் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். சம்பளம் கிடையாதே தவிர, நேரத்துக்குப் போக வேண்டும், நாள் பூரா நிற்க வேண்டும், வீட்டுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். ரேஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ரயிலேறிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் செல்வி, திருநின்றவூரில் ஃப்ளாட் வாங்கிக் குடியிருக்கிறாள். மார்கழி மாதம் என்னைப் பார்க்க வந்தவள், சட்டையைத் துவைக்க எடுக்கும்போது பையில் ரேஸ் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். “இந்த வயசுல எதுக்கு நைனா ரேஸுக்குப் போற? பொங்கலுக்குள்ள ஒரு காரணம் சொல்லு. சொல்லத் தெரியலன்னா ஊட்டைப் பூட்டிக்கினு என்னோட வந்துடு” என்று கெடு வைத்துவிட்டுப் போனாள்.

வீடு, நானும் என் மனைவியும் சேர்ந்து கட்டியது. பூட்ட மனசில்லை. காரணமும் தெரியவில்லை. பழையதில் எங்காவது அது அகப்படுமா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

ஏழாம் நம்பர்

என்னை முதன்முதலில் கிண்டி ரேஸுக்கு அழைத்துப் போனவன் ஏகாம்பரம். மில்லில் கிரேன் ஓட்டுபவன். வாசலில் ஒரு ரேஸ் புத்தகம் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, “புடிச்ச குதிரையப் பாத்து அது நம்பரக் கவுண்டர்ல சொல்லு” என்றான். எட்டாவதைப் பாதியில் விட்டவன் நான். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி ஒரு பெயரைப் படித்தேன். பெயர் பிடித்திருந்தது. பக்கத்தில் அடைப்புக் குறிக்குள் ஏழு என்று இருந்தது. கவுண்டரில் ஏழு என்றேன். அது குதிரையின் நம்பர் இல்லை, அந்தக் குதிரை எத்தனையாவது கதவிலிருந்து கிளம்பும் என்பதற்கான எண் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் நினைத்த குதிரை மூன்றாம் நம்பர் துணியைப் போர்த்திக்கொண்டு கடைசிக்கு முந்தியதாக வந்தது. டிக்கெட்டைக் கீழே போடப் போனேன். ஏகாம்பரம் கையைப் பிடித்து, “யோவ், ஏழு! ஏழுதான்யா ஜெயிச்சுது!” என்று கத்தினான்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏதோ அடுத்தவர் பொருளை எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கவுண்டரில் இருந்தவரிடம் டிக்கெட்டை நீட்டி, “சார், நான் நினைச்சது வேற குதிரை. இதைத் தப்பா வாங்கிட்டேன்” என்று உண்மையைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தப்பா வாங்குனாலும் துட்டு சரியாத்தான் குடுப்போம். வாங்கிக்கினு நகரு, பின்னால ஆளு நிக்கிறாங்க.”

வேலி ஓரம்

ரேஸுக்கு முன்னால் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்கள். வேலி ஓரம் நிற்பவர்களில் சிலர் காலைப் பார்ப்பார்கள், சிலர் வியர்வையைப் பார்ப்பார்கள், சிலர் குதிரை ஓட்டும் ஜாக்கியின் முகத்தைப் பார்ப்பார்கள். ஏகாம்பரம் குதிரையின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பான். அந்த நேரத்தில் எது லத்தி போடுகிறதோ அதற்கு உடம்பு லேசாகிவிடும், லேசானது முந்தும் என்பது அவன் கணக்கு. இரண்டு பேரும் பத்து நிமிஷம் அதற்காகவே காத்துக்கொண்டு நிற்போம். பக்கத்தில் பைனாகுலரோடு நின்ற ஒரு பெரிய மனிதர், நாங்கள் எங்கே பார்க்கிறோம் என்று தானும் அதை வைத்துப் பார்த்துவிட்டு தள்ளிப் போய்விட்டார்.

ஒரு நாள் ஆறு குதிரைகளில் நான்கு போட்டுவிட்டன. எதன் மேல் கட்டுவது என்று ஏகாம்பரத்துக்குத் தலை சுற்றியது. கடைசியில் நான்கில் ஒன்றில் கட்டினான். ஜெயித்தது, எதுவும் போடாத ஐந்தாவது. திரும்பி வரும்போது மீஞ்சூர் தாண்டும்வரை ரேஸ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தான். கணக்கை விடப் போகிறானாக்கும் என்று நினைத்தேன்.

“அது காலைலயே ஊட்டுல முடிச்சிட்டு வந்துகுதுப்பா. நாம அத்த பாக்கல, அவ்ளோதான்.”

ஈயக் கட்டி

இங்கிலீஷ் படிக்க நான் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. ரேஸ் புத்தகமும் ஒரு பழைய அகராதியும்தான். ராத்திரி ஷிப்ட் இல்லாத நாட்களில் சாப்பிட்டுவிட்டு அதை விரித்து வைத்துக்கொள்வேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து கீரை ஆய்வாள். ரேஸுக்குப் போகாதே என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்பாள். ஒருநாள் ஒவ்வொரு குதிரைக்கும் எதிரே ஒரு எடை போட்டிருப்பது எதற்கு என்று கேட்டாள். நானே அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன், அதனால் உற்சாகமாகச் சொன்னேன். நன்றாக ஓடி ஜெயித்த குதிரைக்கு எடையைக் கூட்டுவார்கள். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயக் கட்டி சொருகுவார்கள். ஓடாத குதிரைக்கு எடையைக் குறைப்பார்கள். அப்போதுதான் எல்லாம் சமமாக வரும்.

அந்த வாரம் நான் மூன்று நாள் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்திருந்தேன். சூடான கம்பியை ரோலரில் விடுவதற்கு என் கை நல்ல கை என்று மில்லில் பெயர். என் கூட வேலை பார்த்த ஒருவன் நாலு தடவை கம்பியை வளைத்துக் கெடுத்துவிட்டான், அவனை நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் சாப்பிடும்போது அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப உங்க மேனேஜரும் ரேஸுக்குப் போறவருதானா?”

அவள் போன பிறகு ரேஸ் புத்தகத்தை யாருக்கும் படித்துக் காட்டியதில்லை. இதுதான் காரணமோ என்று கொஞ்சம் நின்று யோசித்தேன். ஆனால் இதைச் செல்வியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உறுதியான டிப்ஸ்

ஏழாம் நம்பர் கதையை ஏகாம்பரம் மில் முழுக்கப் பரப்பிவிட்டான், நான் தப்பாக வாங்கியதை மட்டும் விட்டுவிட்டு. அதிலிருந்து ஃபோர்மேன் கோதண்டம் என்னை விடவில்லை. டீ நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று டிப்ஸ் கேட்பார். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்பேன். “தெரிஞ்சவன் அப்டித்தான் சொல்லுவான்” என்பார். தெரியாது என்று சொல்லச் சொல்ல என் மதிப்பு ஏறியது. இந்த வேதனை உங்களில் சிலருக்கும் இருந்திருக்கும். ஒரு சனிக்கிழமை தொந்தரவு தாங்காமல், “நாலாம் நம்பர்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். எந்த ரேஸில் என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் கிண்டியில் அவர் பெரிய ரேஸிலேயே கட்டிவிட்டார். நான் பயந்துபோய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன். மற்ற குதிரைகள் எல்லாம் கதவுக்குள் நுழைந்தன. நாலாம் நம்பர் நுழையவில்லை. முன்னால் இழுத்தார்கள், பின்னால் தள்ளினார்கள். அது காலால் உதைத்து ஆளைத் தள்ளிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டது. அதை ரேஸிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவித்தார்கள். அப்படி நீக்கினால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை கோதண்டம் நேராக என்னிடம் வந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் என் தோளில் கை போட்டார்.

“பத்து வருசமா டிப்ஸ் கேட்டுக்கினு இருக்கேன். போட்ட துட்டு மொத்தமும் திரும்பி வந்த டிப்ஸ் இது ஒண்ணுதான்யா.”

செல்வி வந்த நாள்

பொங்கல் நெருங்கியும் காரணம் கிடைக்கவில்லை. செல்வி போன் செய்தபோது தெரியவில்லை என்றே சொல்லிவிட்டேன். “சரி, நானே வந்து பாக்கறேன்” என்றாள். சென்ட்ரலில் சந்தித்து இரண்டு பேரும் கிண்டிக்குப் போனோம். ஏகாம்பரம் மகன் வீட்டோடு போய் நாலு வருஷம் ஆகிறது, அதிலிருந்து நான் தனியாகத்தான் போகிறேன். துணைக்கு ஆள் இருந்தது எனக்கு வித்தியாசமாக இருந்தது.

வாசலில் ரேஸ் புத்தகம் விற்பவர் மல்லிகா அம்மாள். எனக்கென்று ஒரு புத்தகம் எடுத்து வைத்திருப்பார். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். “இன்னா பெரியவரே, ரெண்டு வாரமா ஆளையே காணோம்? ஒரே பேஜாராப் போச்சு. யாரைக் கேட்டாலும் உன் ஊடு எங்கன்னு தெரியல.”

நான் வராத காரணம் காய்ச்சல். பதினொரு நாள் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தேன். தினமும் செல்வி போன் செய்வாள், “நல்லா இருக்கேன்மா” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வேன். தெரிந்தால் அன்றைக்கே வந்து வீட்டைப் பூட்டிவிடுவாள் என்ற பயம். இப்போது மல்லிகா அம்மாளுக்குப் பதில் சொன்னால் செல்விக்கும் தெரியும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. “ஜொரம்” என்றேன். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீடு போயிற்று என்று எனக்குத் தோன்றிவிட்டது.

உள்ளே போய் வெயிலில் நின்றோம். குதிரைகள் கிளம்பின, ஓடின, முடிந்தது. “உன்து எது?” என்றாள். காட்டினேன். நாலாவதாக வந்திருந்தது. “நாலாவது வந்தா இன்னா குடுப்பாங்க?” “ஒண்ணும் குடுக்க மாட்டாங்க.” “அப்புறம் எதுக்கு அந்தக் கத்து கத்தின?” நான் கத்தியதே எனக்குத் தெரியாது. வீட்டில் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசுகிறவன் நான்.

திரும்பும்போது வாசலில் செல்வி நின்றுவிட்டாள். மல்லிகா அம்மாளிடம் போய், “யக்கா, நான் இவரு பொண்ணு. என் நம்பரு எழுதிக்குங்க. ரெண்டு வாட்டி ஆளு வரலன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. ஜொரம் வந்தாக்கூட என்னாண்ட சொல்ல மாட்டாரு” என்றாள். மல்லிகா அம்மாள் நம்பரை ஒரு ரேஸ் புத்தகத்தின் அட்டையில் எழுதி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

ரயிலில் மீஞ்சூர் வரைக்கும் செல்வி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திருநின்றவூருக்குப் போக வேண்டியவள் என் கூடக் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏன் ஏறினாள் என்றும் புரியவில்லை. பெட்டி கட்டத்தான் வருகிறாளோ? கடைசியில் நானே, “அப்ப, ஊடு?” என்று கேட்டேன்.

“ஊடு இருக்கட்டும். இன்னிக்கு ராத்திரி வந்து ரசம் வெச்சிக் குடுத்துட்டுக் காலைல போறேன். நீ மட்டும் ரேஸுக்கு லீவு போடாத நைனா, அந்த யக்கா போன் பண்ணா எனக்கு உயிரே போயிடும்.”

ஆக, ரேஸுக்கு ஏன் போகிறேன் என்பது எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் ஊரிலேயே, ரேஸுக்குப் போகாததற்காக மகளிடம் திட்டு வாங்கும் ஒரே கிழவன் இப்போது நான்தான்.