குசினிப் பக்கம் பாத்தவ

பேய் பிசாசுன்னா சிரிக்கிற ஆளு நான். சயன்ஸ் டீச்சர் லா, பிள்ளைங்க பயந்தாலே திட்டுவேன். நீங்க நம்பாட்டியும் பரவால்ல, நடந்தத சொல்றேன்.

பிரிஞ்சாங் டவுன் தாண்டி தேயிலைத் தோட்டத்து ஸ்கூலுக்கு மாத்தலாகி வந்தப்ப, தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி இருந்த பழைய வீடு ஒண்ணு வாடகைக்கு கெடச்சுச்சு. பின்னாலயே மலை, குசினி ஜன்னல்லருந்து கை நீட்டுனா மண்ணத் தொடலாம். ஹால் சுவத்துல ஒரு படம், வெள்ளக்காரி ஒருத்தி கன்னத்துல கை வச்சு, கீழ பாத்து எதையோ யோசிச்சிட்டு இருக்கா. கல்லுல வரைஞ்சு அச்சடிச்சது, துரைங்க இங்க வர்றதுக்கும் முந்தின காலத்துப் படம்னு எங்க ஆர்ட் டீச்சர் சொன்னாரு. கழட்டலாம்னு பாத்தா வீட்டு ஓனர், "அது இருக்கட்டும்மா"ன்னுட்டாரு, ஏன்னு சொல்லல. என் வீட்டுக்காரர் சேகர், திரிங்காப்புல காய்கறி லோரி ஓட்டுறவரு, "பாவம்டி, என்ன கவலையோ"ன்னு போறப்ப வர்றப்ப அவளப் பாத்து சொல்லுவாரு.

அன்னிக்கு லீவு, மத்தியானம், விடாத மழை. அவரு குசினியில தேத்தண்ணி கலக்குறாரு, நான் ஹால்ல புக்கு திருத்திட்டு இருக்கேன். என்னமோ தோணி நிமிர்ந்து பாக்குறேன், அந்தப் பொம்பள கீழ பாக்கல. கண்ணு நேரா குசினி வாசல பாக்குது. வாய் லேசா தொறந்திருக்கு. சத்தியமா சொல்றேன், என்னால எழுந்திரிக்க முடியல, தொண்டையில சத்தமே வரல.

அதுக்குள்ள அவரு ஓடி வராரு. "என்னாடி, எதுக்கு அப்படிக் கத்துற?"

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மலை சரிஞ்சு குசினிய அப்படியே மூடிடுச்சு. அடுப்பு, அலமாரி ஒண்ணும் தெரியல, செம்மண்ணு ஹால் வரைக்கும் வந்து நின்னுச்சு.

மழையிலயே ஓடிப்போயி ரோட்டுல நிக்கிறப்பதான், "நான் கத்தவே இல்லையேங்க"ன்னேன்.

"சும்மா சொல்லாத லா. சேகர், சேகர்னு நீதானே கூப்பிட்ட?"

கல்யாணம் ஆன நாள்லருந்து நான் அவர பேர் சொல்லிக் கூப்பிட்டதே கெடையாது.

அப்புறம் அந்த வீட்டுப் பக்கமே போகல, இப்ப கம்போங் ராஜாவுல இருக்கோம். கேக்குறவங்க எல்லாம் அவ உயிரக் காப்பாத்துன தெய்வம்கிறாங்க. இருக்கட்டும். ஆனா இப்பவும் சில சமயம் சோத்துல கை வச்சிருக்கிறப்ப யாரோ கூப்பிட்ட மாதிரி அவரு தலைய நிமித்தி, "இரு, வரேன்"னுட்டு வாசலுக்கு எழுந்து போவாரு. அவரு எதிர்லயேதான் நான் உக்காந்திருப்பேன்.