வெடித்த சுவரும் ஸக்கரியா பாஸும்

உக்குவளையில் மேசன் வேலைக்குப் பேர்போனவர் ஸக்கரியா பாஸ்; கைதேர்ந்த கொத்தனாரை அங்கே பாஸ் என்பார்கள். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்துக்கே வந்துவிடும்படி உறவினர்கள் சொன்னதைக் கேட்காமல் மங்கையற்கரசி டீச்சர் உக்குவளையிலேயே வீடு கட்டினார். அத்திவாரம் முதல் கூரை வரை பாஸின் வேலைதான்.

மூன்றாம் வருடக் கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் கோணலாக வெடித்தது. கதவு நிலையில் இறுகிக்கொண்டது. பாஸ் சாந்து பூசி அடைத்தார். மழை வந்ததும் வெடிப்பு தானாகச் சுருங்கி, பூசிய சாந்து பிதுங்கி உதிர்ந்தது. அடுத்த கோடையில் மறுபடியும் திறந்துகொண்டது. பாஸ் சீமெந்தைக் குறைத்துவிட்டார் என்று கடைத்தெருவில் பேச்சு கிளம்பியது.

"நீங்க குறைக்கல்லதானே? பேசுறவங்க பேசட்டும்," என்றாள் மனைவி மஸீனா.

"குறைக்கல்ல. ஆனா ஏதோ ஒன்ட பார்க்காம விட்டிருக்கேன்."

மறுநாள் காலையிலேயே மண்வெட்டியோடு போய், வெடித்த மூலையில் அத்திவாரத்தை ஒட்டித் தோண்டினார். இரண்டடியில் கல் முடிந்தது. அதற்குக் கீழே களிமண் காய்ந்து சுருங்கி, கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழைந்தது. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"என்ட பிழைதான் டீச்சர். மழைக்காலத்துல ஊறி உப்பியிருந்த களிய நம்பிக் கல்ல வச்சிட்டேன். இந்தப் பக்கம் காய்ஞ்சு இறங்குது. குசினிப் பக்கம் சட்டி பானை கழுவுற தண்ணி ஊறி மண்ணு அப்பிடியே நிக்குது. நடுவுல சுவர் என்ன செய்யும்?"

டீச்சர் குழிக்குள் குனிந்து பார்த்தார். "இதக் கண்டுபிடிக்க ரெண்டு வருஷமா பாஸ்?" என்றவர் சிரித்துவிட்டார். "சரி, செய்ங்க. நான் இங்கதான் இருக்கப்போறேன்."

அத்திவாரத்துக்கு அடியில் ஒரே மூச்சில் தோண்டினால் சுவர் கீழே வந்துவிடும். அதனால் மூன்றடித் துண்டாகத் தோண்டி, கெட்டியான சரளை மண் வரை இறங்கி, கொங்கிரீட் நிரப்பி, அது இறுகிய பிறகே அடுத்த துண்டைத் தொட்டார். குசினித் தண்ணீரைக் கான் வெட்டித் தூரமாக விட்டார். வேலை முடிய ஒரு மாதத்துக்கு மேலானது.

அடுத்த வருடம் மழை பொய்த்துப் பூமி பாளம் பாளமாக வெடித்தது. பாஸ் வாரா வாரம் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். மயிரிழைக் கீறல்கூட இல்லை.

பிறகு ஊரில் யார் வீடு கட்டினாலும், முதலில் அவர் வந்து மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. போகிற இடமெல்லாம் டீச்சர் வீட்டுக் கதையையும் சொல்லுவார்.

"உங்கட பிழைய நீங்களே ஊரெல்லாம் சொல்லித் திரியணுமா?" என்று மஸீனா குறைப்பட்டாள்.

"சொன்னாத்தானே செலவப் பார்க்காம ஆழமா வெட்ட விடுவாங்க," என்று சைக்கிளை எடுத்தார். அலுவிகாரையில் அன்று வீடு கட்ட ஒரு புது வளவு பார்க்க வேண்டியிருந்தது.