ஊதிவிட்டு உட்கார்ந்தவர்

நான் வேலைபார்த்த கோவில்பட்டிப் பரிசோதனைக்கூடத்துக்கு வந்த அந்தத் தேனீக்காரர் ஒல்லியானவர். நாற்காலியைக்கூட ஊதிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவருடைய மகரந்தம் கரிசல்காட்டுச் சரக்கல்ல என்று வியாபாரி திருப்பி அனுப்பியிருந்தார். நானும் சோதித்தேன். ஒப்பிடுவதற்காக நான் சேகரித்திருந்த கரிசல் மகரந்தத்தில் இருந்த இரும்பில் பாதிகூட அதில் இல்லை.

"ஒங்க சரக்கு எங்கன எடுத்தது சார்?"

"ரோட்டோரச் சூரியகாந்திக் காட்டுல. முறைப்படி எடுத்தது."

அதை வெள்ளைத்தாளில் கொட்டி ஊதினார். மகரந்த உருண்டைகள் கிடந்தன. கறுப்புப் புழுதி பறந்தது.

"இரும்பு மண்ணுலல்லா இருக்கு! நான் தேனீப்பெட்டியச் சுத்தி ஈரச்சாக்கு கட்டுதேன்."

புழுதியில்லாமல் மறுபடி சேகரித்துச் சோதித்தேன். இரண்டும் பொருந்தின. அவருடையது கரிசல் மகரந்தமே என்ற சான்றிதழில் என் கையெழுத்துதான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகும் அவர்மேல் வயிற்றெரிச்சல் தீரவில்லை. யாரும் பார்க்காதபோது நானும் நாற்காலியை ஊதிவிட்டுத்தான் உட்காருகிறேன்.