நானா வீட்டு ரீவியில் கார் ஓடப் பழகினேன்

முதல் தரம் அந்தக் காரைக் கொண்டுபோய் நேரே மதிலில் அடித்தேன். றோட்டு இடப்பக்கம் வளைந்தது, என் பெருவிரல் வலப்பக்கத்தை அழுத்தியது. இரண்டாம் தரமும் அதே மதில். மூன்றாம் தரம் எதிர்ப்பக்கத்து மதில். பக்கத்துக் கதிரையில் இருந்த நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய் தம்பி, றோட்டு அங்கால போகுது, நீ எங்கயடா போறாய்?"

"என்ர கை சொல்லுக் கேக்குதில்லை நானா," என்றேன். உண்மையும் அதுதான்.

நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். பதினைந்து வயதில் போட்டின் பின்பக்கத்தில் குந்தி எஞ்சின் கைபிடியைப் பிடித்தவன். போட் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அந்தக் கைபிடியை வலப்பக்கம் தள்ள வேண்டும். அதை யோசித்துச் செய்வதில்லை, கை தானாகவே செய்யும். இன்னொன்று, கடலில் பிரேக் இல்லை. வேகத்தைக் குறைத்தால் போட் தன்பாட்டில் ஓடி ஓடி நிற்கும். இந்த இரண்டையும் வைத்துத்தான் இடம்பெயரும்வரை சோறு தின்றேன். இந்த இரண்டும்தான் இரண்டாயிரமாம் ஆண்டில் வவுனியாவில் என்னைச் சந்தி சிரிக்க வைத்தன.

வவுனியாவுக்கு நாங்கள் மகளின் காதுக்காக வந்தோம். உடையார்கட்டில் இடம்பெயர்ந்து இருந்தபோது அவளுக்குக் காதுக்குள் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வெட்ட வேண்டும் என்றார்கள். காது சுகமானது, நாங்கள் முகாமில் மாட்டிக்கொண்டோம். ஒரு மண்டபத்தைச் சீலை கட்டிப் பிரித்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தோம். காலையில் பாஸ் எடுத்து வெளியே போகலாம், பொழுதுபட முன் திரும்பிவிட வேண்டும். வெளியே வீடு எடுத்து இருப்பதென்றால், வவுனியாவில் இருக்கிற ஒருவர் எங்களைத் தன் பொறுப்பில் எடுப்பதாகக் கடிதம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். எங்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

"எனக்கு வீடு வாசல் ஒண்டும் வேண்டாம்," என்றாள் மனுசி. "உள்ளுக்குப் பூட்டுற ஒரு கதவு இருந்தாக் காணும். உடுப்பு மாத்த ஒரு கதவு."

அதைக் கேட்டு நான் அவள்மேல்தான் எரிந்து விழுந்தேன். வேறு யார்மேல் விழுவது?

அந்த நாட்களில்தான் ஒரு நாள் மீன் சந்தையில் என் தோளை ஒரு கை பிடித்தது. திரும்பிப் பார்த்தால் நானா. தண்ணீரூற்றில் குடியிருந்து, எங்கள் கரையில் மீன் எடுத்து விற்ற முதலாளி. நாங்கள் எல்லோரும் அவரை, முஸ்லிம் சனம் அண்ணனைக் கூப்பிடுகிறபடி, நானா என்றுதான் கூப்பிடுவோம். கடற்கரையில் அவருக்கு ஒரு வாடி இருந்தது. மீன் நிறுத்து ஐஸ் போட்டு அடுக்குவதற்காகத் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டில் அது. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை வெளியேறச் சொன்னபோது அவரும் பெண்சாதி பிள்ளைகளோடு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

பத்து வருடங்களுக்குப் பிறகு, வவுனியாவில் வீடெடுத்து மீன் யாவாரம் செய்துகொண்டிருந்த அந்த மனிதர் எனக்குப் பிளேன்ரீயும் பணிசும் வாங்கித் தந்தார். மகளை, மனுசியை, முகாமை எல்லாம் விசாரித்தார். கடைசியில் சொன்னார்: "என்ர வான் ஓடுற பெடியன் வெளிநாடு போகப் போறான். நோன்பு துவங்க முன்னம் ஓடப் பழகி லைசன்ஸ் எடு. எடுத்தியெண்டால் வான் உன்ர கையில, கடிதத்தில கையெழுத்து நான் வைக்கிறன்."

சந்தோசப்பட வேண்டிய இடம். நானோ மிச்சப் பணிசைத் தட்டில் திரும்ப வைத்தேன். ஏனென்றால் அவருடைய வாடியின் தகரத்தைக் கழற்றியது நான்.

அவர்கள் போன அந்த மாரியில்தான் கழற்றினேன். மனுசி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள், எங்கள் கூரைக் கிடுகு உக்கிப் போயிருந்தது. வாடி சும்மா நிற்கிறதே, ஆட்கள் திரும்பி வரவா போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பட்டப்பகலில் ஏணி வைத்து ஏறினேன். என் மகள் அந்தத் தகரத்துக்குக் கீழேதான் பிறந்தாள். தொண்ணூற்றாறில் கரையை விட்டு ஓடியபோது, வலையை விட்டுவிட்டு அந்தத் தகரத்தை ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு போனோம். இதை நானா அறிந்தால் கையெழுத்து ஏது, கதவு ஏது? ஆகவே நான் பிளேன்ரீயைக் குடித்து, "பழகிறன் நானா," என்று மட்டும் சொன்னேன்.

முதலில் வானில்தான் பழக்கினார்கள். ஆட்கள் இல்லாத வெளியில் நன்றாகத்தான் ஓடினேன். ஆனால் ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஆட்டை விலத்த வேண்டிய நான் ஆட்டையே துரத்திக்கொண்டு போய், வானை ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கினேன். பதறினால் என் கை கடலுக்குப் போய்விடும், அதுதான் வில்லங்கம். வானைத் தூக்கி எடுத்த பிறகு நானா நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யா அல்லா, எனக்கு இருக்கிறது இந்த ஒரு வான். நீ முதல்ல வீட்டை வா. உடையாத கார் ஒண்டு இருக்கு."

உடையாத கார் ரீவிக்குள் இருந்தது. புத்தளத்தில் படிக்கிற மகன்மாருக்காக அவருடைய தம்பி சவூதியிலிருந்து அனுப்பிய விளையாட்டுப் பெட்டி. பிள்ளைகள் லீவுக்கு வந்தால்தானே விளையாட்டு? மற்ற நாட்களில் மீன் சந்தை முடிந்து, குளித்து, சோறு தின்று, லுஹர் தொழுதுவிட்டு நானாதான் விளையாடினார். நாற்பத்தெட்டு வயது மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வளைவு வந்தால் தானும் சேர்ந்து சரிவார். நானும் மத்தியானங்களில் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அந்த விளையாட்டை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. அது விளையாட்டாகவே இல்லை. ஏறி இருந்தவுடன் பறக்கலாம் என்று பார்த்தால், அங்கேயும் லைசன்ஸ் கேட்டார்கள்! ஒவ்வொரு சோதனையாகப் பாஸ் பண்ணினால்தான் ஓட்டப் போட்டிக்கு விடுவார்களாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"இஞ்சயுமோ நானா? காலமை முகாமில பாஸ், பின்னேரம் ரீவிக்குள்ளயும் பாஸோ?"

நானாவின் மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். நல்லாய் இங்கிலீஸ் படித்தவர். குசினி வாசலில் நின்று, திரையில் வருவதை வாசித்து எங்களுக்குச் சொல்லுவது அவர்தான். முதல் சோதனை, காரை வேகமாகக் கொண்டுபோய்ச் சிவப்புக் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். நான் வேகத்தை விட்டேன், கார் தன்பாட்டில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது.

"தம்பி, பிரேக் பிடிக்கட்டாம்," என்றார் ராத்தா.

"பிடிக்கத்தானே போறன்."

"நிண்டாப் பிறகு பிடிச்சு என்னத்துக்கு?"

நானா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எனக்குக் கோபம் வந்து ரிமோட்டைக் கீழே வைத்தேன். அவர் அதை எடுத்துத் திரும்ப என் கையில் வைத்தார். அப்படி எத்தனை தரம் வைத்தாரோ தெரியாது. அந்தப் பொறுமைக்கு நான் என்ன கைமாறு செய்வது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்றாம் நான்காம் கிழமையில் எனக்குள் ஏதோ பிடிபட்டது. அந்தக் காருக்குப் பாரம் இருந்தது. பிரேக் பிடித்தால் மூக்கு கீழே இறங்கியது, வேகம் கொடுத்தால் பின்பக்கம் குந்தியது. வளைவில் அவசரப்பட்டால் டயர் கிறீச்சிட்டு முன்பக்கம் வெளியே இழுத்தது. கெட்டித்தனம் வேகத்தில் இல்லை, வேகத்தை எங்கே விடுவது என்பதில் இருந்தது. கடலில் நான் அடுத்த அலையை மட்டும் பார்ப்பேன். இங்கே கிட்டப் பார்த்தால் சரிவராது, தூரத்து வளைவைப் பார்க்க வேண்டும். கண் தூரத்துக்குப் போனதும் கை பதறுவது குறைந்தது. பதறாத கை மெல்ல மெல்லச் சொல்லுக் கேட்டது.

ஒரு விசயத்தில் நானாவை விட நான் திறம். காரின் பின்பக்கம் வழுக்கினால் அவர் பயந்து பிரேக்கை மிதித்துச் சுழன்று போவார். எனக்கு அது அலையின் முதுகில் போட் வழுக்குவது மாதிரி. இறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் தானாக நேராகும். அப்படித்தான் ஒரு நாள் அவரை முந்தினேன். மனிதர் ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. "பழக்கினது நான், முந்திறது நீ, நல்ல நியாயம்," என்று முணுமுணுத்தபடிதான் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார்.

அந்த றோட்டுகளை நினைத்தால் இப்போதும் மனம் குளிரும். கிடங்கில்லை, பள்ளமில்லை, எண்ணெய் தீர்வதில்லை. எவ்வளவு தூரம் ஓடினாலும் ஒருவரும் மறித்து அடையாள அட்டை கேட்கவில்லை. இறங்கி நடக்கச் சொல்லவில்லை, பையைக் கொட்டச் சொல்லவில்லை. முகாமில் இருந்த எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் போதும், பொழுதுபடத் திரும்பிப் போய் வரிசையில் நிற்கும்போது கோபம் பாதியாய்க் குறைந்திருக்கும். மனுசியே கண்டுபிடித்துவிட்டாள். "அந்த ரீவி வைச்சவையள் நல்லாயிருக்கட்டும், நீங்கள் இப்ப கத்திறேல்லை," என்றாள். விளையாட்டைச் செய்தவர்கள் ஜப்பான்காரராம். அவர்களும் நல்லாயிருக்கட்டும்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்தியது. எந்த மதிலில் எந்த வேகத்தில் அடித்தாலும் அந்தக் காரில் ஒரு கீறல் விழாது. பளபளவென்று அப்படியே நிற்கும். நானாவுக்கு அதுதான் பெரிய சந்தோசம். "பாத்தியே, ஒண்டும் நடக்கேல்லை," என்பார். மற்ற எல்லாவற்றையும் அச்சொட்டாகச் செய்தவர்கள் இதை மட்டும் ஏன் பொய்யாக வைத்தார்கள்? நான் அவர் வீட்டுக் கதிரையில் இருந்து, அவர் வீட்டுச் சோறு தின்று, ஒன்றும் நடக்காதவன்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கதவு கண்ணுக்குள் வந்து நின்றது.

நோன்புக்கு ஒரு கிழமை இருக்கையில் உண்மையான சோதனை நடந்தது. சைக்கிள் ஒன்று திடீரென்று குறுக்கே வெட்டியது. என் கால் பிரேக்குக்குப் போனது, கை திரும்ப வேண்டிய பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்த உத்தியோகத்தர் குனிந்து எழுதினார். பாஸ். நான் வெளியே வந்து மரத்தடியில் குந்திவிட்டேன்.

அன்று மத்தியானமே நானா வீட்டுக்குப் போனேன். ராத்தா வட்டிலப்பம் தந்தார். நானா எழுதி வைத்திருந்த கடிதத்தை மேசையில் விரித்து, பேனை மூடியைக் கழற்றினார். இனி ஒரு நிமிடம். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் கிடைக்கும்.

"நானா, கையெழுத்து வைக்காதேங்கோ."

"ஏனடா?"

"உங்கட வாடித் தகரத்தைக் கழட்டினது நான்தான். அந்த மாரியே கழட்டினனான். எங்கட வீட்டுக்குப் போட்டனான். உங்களிட்டச் சொல்லாமல் இவ்வளவு நாளும் உங்கட சோத்தைத் திண்டனான்."

மனுசியின் முகம் நினைவில் வந்தது. அவளுக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை. நானா பேனையைக் கீழே வைக்கவில்லை, என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"தெரியும்," என்றார்.

"தெரியுமோ?"

"முல்லைத்தீவில இருந்து வாற ஆரைக் கண்டாலும் என்ர வாடி நிக்குதோ எண்டுதான் முதல் கேக்கிறனான். நீ கழட்டினதெண்டு முதல் வருசமே சொல்லிப்போட்டாங்கள்."

"அப்ப சந்தையில என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"பேசத்தான் கூப்பிட்டனான். கண்டால் இப்பிடிப் பேச வேணும், அப்பிடிப் பேச வேணும் எண்டு பத்து வருசமா நினைச்சு வைச்சிருந்தன். தோளில கையை வைச்சிட்டுப் பாக்கிறன், நீ காலில செருப்பில்லாமல் நிக்கிறாய்." அவர் தொண்டையைச் செருமினார். "ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. மாரிக்கு ஒழுகினதோ?"

"இல்லை நானா. ஒன்பது மாரி கண்டது. ஒரு சொட்டு ஒழுகேல்லை."

நானா குசினிப் பக்கம் திரும்பினார். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் சத்தமாகவே சொன்னார்: "கேட்டனீரோ? ஒன்பது மாரியிலயும் ஒரு சொட்டு ஒழுகேல்லையாம். நல்ல தகரமாப் பாத்துத்தான் எடுத்தனான் எண்டு அண்டைக்கே சொன்னனானெல்லோ?"

நான் வாய்விட்டு அழுதேன். நானா கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, தன் முழுப் பெயரையும் ஆறுதலாக எழுதிக் கையெழுத்து வைத்தார்.