சுடலையண்ணன் தூங்கவில்லை

சுடலையண்ணனைப் பற்றி யாராவது எழுதுவதென்றால் அவருடைய தோட்டத்து ஆள் ஒருவர்தான் எழுத வேண்டும். குன்னூரில் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிற நான் எழுதுவது அநியாயம்தான். ஆனால் அவர் பெயரைக் கெடுத்தவள் நான். கெடுத்தவளே சொல்லித் தொலைக்கிறேன்.

என் பெயர் ராஜப்ரியா. அப்பா வெலிங்டனில் ராணுவ அலுவலகத்துக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கோயமுத்தூரில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறேன். காட்டோர எஸ்டேட்டுகளில் யானை வந்தால் சிவப்பு விளக்கு எரியவைக்கும் கருவி செய்கிற கம்பெனி அது. மேட்டில் ஒரு கேமரா, அதனடியில் ஒரு பெட்டி, குடியிருப்புக்கு முன்னால் கம்பத்தில் ஒரு விளக்கு. கேமரா யானையைப் பார்த்தால் பெட்டி ரேடியோ வழியாக ஒரு வரி அனுப்பும், விளக்கு எரியும். பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் முழுக்க என்னுடையது.

சுடலையண்ணன் கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காவல்காரர். ஐம்பத்தேழு வயது. பிறந்தது இலங்கையில், அட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில். ஒன்பது வயதில் கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் நான்கு மாதம் கிடந்து, பிறகு குடும்பத்தோடு இந்த மலைக்கு வந்தார். இங்கே எல்லாரும் லைன் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையை அவர் இன்னும் லயம் என்றுதான் சொல்வார். இருபத்தைந்து வருஷம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். வெட்டுக்கத்தி வலது கையில் இரண்டு விரலை வாங்கிக்கொண்ட பிறகு காவலுக்கு மாற்றினார்கள்.

காவல் என்றால் கேட்டில் குந்தியிருப்பதில்லை. விடியும்முன் மேட்டில் ஏறி, புதுச் சாணம் கிடக்கிறதா, மூங்கில் ஒடிந்திருக்கிறதா என்று பார்த்து, காற்றை மோந்து, இறங்கிவந்து லயத்துக்கு முன்னால் நின்று, "போகலாம்!" என்று ஒரு சத்தம் போடவேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் ஒருத்தியும் கொழுந்து பறிக்கக் கிளம்பமாட்டாள். பதினோரு வருஷத்தில் ஒரு ஆளுக்குக் கீறல்கூட விழவில்லை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்காட்டுவார்.

நாங்கள் விளக்குக் கம்பம் நடப் போனபோது முதலில் கேலி பேசியவரும் அவர்தான்.

"ஏன் தங்கச்சி, இந்த லைட்டுக்கு யானை வாசம் தெரியுமா?"

"வாசம் தெரியாதுங்கண்ணா. ஆனா தூங்காதுங்க," என்றேன் நான்.

அவர் சிரித்தார். என்ன திமிர் எனக்கு! அந்தப் பேச்சை இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. எஸ்டேட் மேனேஜர் அன்றைக்கே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், இனிமேல் மேட்டுக்கு ஏறவேண்டாம், கம்பத்தடியில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்தால் போதும், எரிந்தால் ஆட்களை நிறுத்து என்று.

அப்புறம் ஆடி மழை பிடித்தது. சூரிய ஒளியில் பேட்டரி ஏற்றும் பலகைக்கு வெயிலே இல்லை. நாலு நாளுக்கு ஒரு தடவை பெட்டி செத்துப்போகும். கம்பெனியில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வசந்த்குமார் கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறிவந்து பேட்டரியை மாற்றிவிட்டு, என்னையும் போனில் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவான். திட்டியதில் நியாயம் இருந்தது. என் புரோகிராம் ஒவ்வொரு எழுத்தாக ரேடியோவுக்குத் தள்ளியது. ஒவ்வொரு எழுத்துக்கும் ரேடியோ விழித்து எழுந்து பேட்டரியைத் தின்றது.

இதற்கு வைத்தியம் பஃபர், அதாவது எழுத்துகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்புகிற ஒரு பை. அது பெரிய வித்தையில்லை. கொழுந்து பறிக்கிறவர்கள் ஒவ்வொரு இலைக்கும் எடை போடும் இடத்துக்கு ஓடுவதில்லை, பை நிறைந்ததும் போகிறார்கள், அவ்வளவுதான். நான் புரோகிராம் எழுதும் ரஸ்ட் என்கிற கணினி மொழியில் ஒரு வரியில் அதைச் சேர்த்துவிடலாம். எட்டாயிரத்துச் சொச்சம் எழுத்து பிடிக்கும். நிறைந்தால் தானாகக் கொட்டும். நிறையும்முன் கொட்டவேண்டுமானால் 'ஃப்ளஷ்' என்று நாம் சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. பத்தாயிரம் யானை வந்ததாகப் பொய்ச் செய்தி விட்டுச் சோதித்தேன். விளக்கு பளீர் பளீரென்று எரிந்தது. பேட்டரி இருபது நாள் தாங்கியது. சபாஷ் என்றார்கள், நானும் பல்லை இளித்தேன். பத்தாயிரம் யானை! இந்த மலை முழுக்கத் தேடினாலும் கிடைக்குமா? ஒரே ஒரு யானை வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க இந்த அதிபுத்திசாலிக்குத் தோன்றவில்லை.

மேட்டுப் பெட்டியில் அதை ஏற்றி மூன்று வாரம் எந்த யானையும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை ஒற்றை ஆண் யானை வந்தது. ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு முதல் ஆளாக வேலைக்குக் கிளம்பியவள் சின்னம்மை, சுடலையண்ணன் மனைவி அன்னக்கிளியின் தங்கை. பனியில் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. செடிக்குப் பின்னால் நின்ற யானை திரும்பியதும் ஓடினாள், கான் என்கிற வடிகாலில் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்து ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். உயிர் பிழைத்தது அவள் அதிர்ஷ்டம், என் புண்ணியமில்லை.

எஸ்டேட்டில் பெட்டியின் பதிவைக் கேட்டார்கள். 'ஐந்து ஐம்பத்திரண்டு, யானை, அனுப்பியாச்சு' என்று அதில் இருந்தது. இரண்டாவது தடவை யோசிக்காமல் அதை அனுப்பிவைத்தேன். அது போதாதென்று, அன்று காலை எட்டு மணிக்கு அந்தப் பதிவை எடுக்க வசந்த்குமார் கோயமுத்தூரில் இருந்தபடியே புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓட்டியபோது, விளக்கு எரிந்ததை லயமே பார்த்திருந்தது. லைட்டு நல்லாத்தானே எரியுது? அப்படியானால் காவல்காரன் தூங்கிவிட்டான்.

பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, வசந்த்குமார் போன் செய்தான்.

"அந்தப் பெரியவர் ஒத்துக்கிட்டாருங்க. வெள்ளிக்கிழமை விசாரணை. ரிட்டயர் ஆக அஞ்சு மாசந்தான் இருந்துச்சாம், பாவம். வேலையும் போகுது, ஊடும் போகுதுங்க."

"ஒத்துக்கிட்டாரா? என்னன்னு?"

"மொதல்ல தூங்கவே இல்லைன்னாராம். நம்ம பேப்பரைக் காட்டுனதும், மெஷின் பொய் சொல்லாது, நான்தான் கண்ணசந்திருப்பேன்னு எழுதிக் குடுத்துட்டாருங்களாம்."

மெஷின் பொய் சொல்லாது என்று அவருக்கு யார் சொன்னது? தூங்காது என்று பெருமையடித்து அவரை நம்பவைத்தவள் நான்தான், கம்பத்தடியில் நின்று.

என் மேஜையில் அதே மாதிரிப் பெட்டியும் விளக்கும் ஒரு ஜோடி உண்டு. முதல் தடவையாக ஒரே ஒரு யானையை அனுப்பினேன். 'அனுப்பியாச்சு' என்றது திரை. விளக்கு எரியவில்லை. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். எரியவில்லை. இரண்டு, மூன்று, நாற்பது என்று ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் அனுப்பியாச்சு, அனுப்பியாச்சு. இருநூற்று ஐந்தாவது யானைக்குத்தான் விளக்கு எரிந்தது. பஃபர் வாங்கிக்கொண்டதைத்தான் என் புரோகிராம் 'அனுப்பியாச்சு' என்று எழுதியிருக்கிறது. சனிக்கிழமை வந்த ஒற்றை யானை நிறையாத பைக்குள்ளேயே கிடந்தது, எட்டு மணிக்குப் புரோகிராமை நிறுத்தியபோதுதான் அந்தப் பை கொட்டியது. நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன்.

கம்பெனி முதலாளி கொர்னேலியஸ் சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை தாண்டட்டும்மா. இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், அவங்களுக்குப் புரியாது," என்றார்.

"புரியிற மாதிரி நான் சொல்றேனுங்க சார்," என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்கே விட்டுப்போன ஃப்ளஷைப் புரோகிராமில் சேர்த்துவிட்டு, எஸ்டேட் மேனேஜருக்கு எல்லாவற்றையும் மெயிலில் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. நன்றி, கவனிக்கிறோம். இரண்டே வார்த்தை. கல்லுளிமங்கன்கள். வியாழக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

போய்ச் சேரும்போது சாயங்காலம், கொழுந்தை எடை போட்டுவிட்டு எல்லாரும் வீடு திரும்பியிருந்தார்கள். சுடலையண்ணன் கம்பத்தடியில் சாக்கைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"வா தங்கச்சி. லைட்டப் பாக்க வந்தியா? அது நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல."

நான் நின்றபடியே சொன்னேன். பை, கொழுந்து, நிறையாத பை என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அனுப்பியாச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே?"

"அது தப்புங்கண்ணா. பையில போட்டதத்தான் அப்படி எழுதிருச்சு. அன்னைக்கு லைட்டு எரியவேயில்லீங்க."

"அப்ப நான் முழிச்சிருந்தனா?"

"முழிச்சுத்தாங்கண்ணா இருந்தீங்க."

அவர் எழுந்தார். "பன்னெண்டு நாளு, தங்கச்சி. தூங்குனவனுக்குத் தூங்குனது தெரியுமான்னு என்னையே கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடிக்காத குறை. ஆஸ்பத்திரியில சின்னம்மை கால்ல விழுந்தேன். எம் பொஞ்சாதி எங்கூடப் பேசுறதில்ல, சோத்த வாசல்ல வச்சிட்டுப் போறா. விளங்குதா ஒனக்கு?"

அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"வா எங்கூட," என்றார்.

முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். "இந்தப் பிள்ளை சொல்றதக் கேளுங்க," என்று என்னை முன்னால் விட்டார். நான் சொன்னேன். அடுத்த வீடு. அங்கேயும் சொன்னேன். பதினாலு வீடு. ஒரு வீட்டில் கதவைப் படாரென்று சாத்தினார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். ஆறாவது வீட்டில் செல்வி என்கிற பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "படிச்சவ பண்ற வேலையாடி இது? நாளைக்கு ஆபீசுல வந்து இத அப்படியே சொல்லுவியா?" என்று கேட்டாள்.

"சொல்றேங்க."

"சொல்லாம ஓடுன, கூடலூரு தாண்டமாட்ட."

என் குரல் கம்மிப்போன போதெல்லாம் சுடலையண்ணன் பின்னாலிருந்து, "சத்தமா சொல்லு," என்றார். எனக்கு மானமே போயிற்று. போகட்டும், அவருடையது போகும்போது நான் குன்னூரில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தேனே.

பதின்மூன்றாவது அவருடைய வீடு. அன்னக்கிளி கதவைப் பிடித்தபடி முழுக்கக் கேட்டாள். புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தாள்.

கடைசி வீட்டில் சின்னம்மை கட்டிலில் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தாநாள்தான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னைக்கு லைட்டப் பாத்துட்டுத்தான் பிள்ளை கெளம்பினேன். எரியல. எரியாததாலதான் போனேன்."

"இத ஏங்க யாருகிட்டயும் சொல்லல?"

"எல்லாரும் எரிஞ்சுதுன்னாங்க. பனியில எங் கண்ணுக்குத்தான் தெரியலையோன்னு இருந்துட்டேன்."

அவள் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள். அவர் தன் விழிப்பைச் சந்தேகப்பட்டார். என் பெட்டியை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

"இப்ப அது எரியுமா?" என்று கேட்டாள் சின்னம்மை.

"எரியும்ங்க. சரிபண்ணிட்டேன்."

"மொதல்லயும் எரியும்னுதானே சொன்னீங்க. நாளைக்கு விடிஞ்சா எங்க அக்கா கொழுந்துக்குப் போகணும். எதப் பாத்துட்டு அவளப் போகச் சொல்றது?"

நான் திரும்பிச் சுடலையண்ணனைப் பார்த்தேன்.

"என்னப் பாத்துட்டுப் போகச் சொல்லு," என்றார் வாசலில் நின்ற சுடலையண்ணன். "வெள்ளனவே மேட்டுக்கு ஏறிட்டு வந்து முன்னால நிக்கிறேன். எவன் வேணாங்கிறான்னு பாக்கிறேன்."

அன்னக்கிளி இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

"காலையில மழையிருக்கும். சாக்க மறந்துட்டு ஏறிறாதீங்க," என்றாள்.