கை கழுவினேன், கை நனைந்தது

நோய்க்கெல்லாம் நகக்கண்ணில்தான் குடியிருப்பு என்று பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் எடுத்த வாத்தியார் சொன்னாலும் சொன்னார், அன்றிலிருந்து என் சட்டைப் பையில் ஒரு சோப்புத் துண்டு. சாப்பிடுமுன் கழுவுவேன், நாயைத் தொட்டால் கழுவுவேன், சும்மா இருந்தாலும் கழுவுவேன். வீட்டில் எனக்குத் தண்ணிப்பாம்பு என்று பேர். இருக்கட்டுமே, பாம்புக்கு வயிற்றுப்போக்கு வராது.

போன தை மாதம் அண்ணனுக்குப் பெண் பார்க்க இராஜபாளையத்தில் ரயிலேறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அம்மா, தாய்மாமா, அண்ணன், நான். அண்ணன் பஞ்சு மில்லில் வேலை பார்க்கிறவன். ஆடித் தேரன்று அந்தப் பெண்ணைக் கூட்டத்தில் பார்த்துவிட்டு, கட்டினால் அவளைத்தான் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். அதை நான் அம்மா காதில் போட, அவள்தான் மாமாவை இந்தப் பயணத்துக்குச் சம்மதிக்க வைத்தாள். மாமாவுக்கோ அண்ணனுக்காக மம்சாபுரத்தில் வேறொரு பெண் மீது கண். மாமா முன்னால் வாய் திறக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

வண்டியை விட்டு இறங்கும்போதே மாமா சொல்லிவிட்டார்: "அங்கன போயி ஒருத்தரும் கை நனைச்சுரக் கூடாது. பாத்தமா வந்தமான்னு இருக்கணும்."

கை நனைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் சாப்பிடுவது. பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததில் எஞ்சின் கரி முழுக்க என் கையிலும் மாமா கையிலும்தான் இருந்தது.

பெண் வீட்டு வாசலில் ஓர் அண்டாத் தண்ணீர். பக்கத்தில் பெண்ணின் அத்தை.

"செத்த தண்ணி ஊத்துங்கம்மா" என்று குனிந்தேன். சோப்பைப் போட்டு முழங்கை வரை நுரை பொங்கத் தேய்த்தேன். அந்த அம்மாள் நுரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, எலையப் போடுங்க. மாப்பிள்ளை வீட்டுல கை நனைச்சுட்டாக."

உள்ளே குலவை கிளம்பிற்று.

"ஏலே, என்னலே செஞ்சு வச்ச?" என்றார் மாமா.

"கரி மாமா. கழுவுனேன், அம்புட்டுத்தான்."

"கழுவுனது வேற, நனைச்சது வேற" என்று மாமா அந்த அம்மாளிடம் வாதாடினார்.

"தண்ணி படாமக் கழுவுற வித்தை எங்க ஊருக்கு இன்னும் வரலைங்க" என்றார் அவர்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பப் போகிறார் என்று புரிந்தது. அப்போதுதான் அண்ணன் என் கையிலிருந்து சோப்பைப் பிடுங்கினான். "எனக்கும் ஊத்துங்க" என்று அண்டா முன்னால் குனிந்தான். துளி அழுக்கில்லாத கையை அவன் தேய்த்த தேய்ப்பை என் வாத்தியார் பார்த்திருக்க வேண்டும். அம்மாவும் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நான் நனைக்கல. எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்று மாமா பெஞ்சில் தனியே உட்கார்ந்துகொண்டார்.

உட்கார்ந்தவர் முன்னால் வாழையிலை நறுக்கில் பால்கோவா வந்தது. அதை வெகுநேரம் பார்த்தார். "இது காஞ்ச பண்டம். இதத் தின்னா நனைச்சதுல சேராது" என்று தனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு கரிக் கையால் எடுத்தார்.

"மாமா, நகக்கண்ணுல..."

"நீ வாய மூடு."

நெய் கசியும் பால்கோவா. விரல் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டி, நெய்யும் கரியும் குழைந்து கண்மை மாதிரி ஆகிவிட்டன. துடைக்கலாம் என்றால் வேட்டி வெள்ளை, துண்டு வெள்ளை. கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலித்தது.

செம்போடு பெண்ணே வெளியே வந்தாள்.

"கையக் காட்டுங்க மாமா."

மாமா அவளைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், மெல்லக் கையை நீட்டினார். தண்ணீர் விழுந்து கை நனைந்தது, கரிதான் போகவில்லை.

"நெய்யி பச்சத் தண்ணிக்குப் போகாது தாயி" என்றார். "சுடுதண்ணி கொண்டா."

அவள் அடுப்படிக்கு ஓடினாள். பின்னாலேயே ஓடப் பார்த்த அண்ணனை அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.