பதினொரு அக்கார்டியன், ஒரு அபசுரம்

அக்கார்டியன் வாசிக்கிறவனுக்குத் தன் விரல் தெரியாது, பக்கத்து நாற்காலிக்காரன் விரல்தான் நன்றாகத் தெரியும். இந்தத் தொழிலில் சண்டை வருவதற்கு வேறு காரணமே வேண்டாம். பஜனைக் கோஷ்டியோ, கோயில் பாடல் குழுவோ, கல்யாண பேண்டோ, நாலு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து வாசித்து அவதிப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளைத் தனியாக வாசிக்கிற வாத்தியமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

நான் சவரிமுத்து. மார்டள்ளியில் பத்தாவது ஃபெயிலாகி, மைசூருக்கு வந்து, பழைய கட்டில் பீரோ வாங்கி விற்றுப் பிழைப்பவன். வாங்க வருகிறவனையும் நம்ப மாட்டேன், விற்க வருகிறவனையும் நம்ப மாட்டேன். மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்த கை சும்மா இருக்காமல் அக்கார்டியன் பக்கம் போனது என் தலையெழுத்து.

கட்டில் பார்க்கப் போனது

விஜயநகரில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கட்டில் பார்க்கப் போனேன். பரண்மேல் ஒரு கறுப்புப் பெட்டி. அளவைப் பார்த்ததுமே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. உடனே திரும்பிக் கட்டில் காலைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். விற்கிற வீட்டில் நமக்கு வேண்டியதைப் பார்க்கவே கூடாது. வேண்டாததைத்தான் தடவித் தடவிப் பார்க்க வேண்டும். கொடுத்த காப்பியையும் தொடவில்லை. காப்பி உள்ளே போனால் பேரம் பேசுகிற குரல் இறங்கிவிடும்.

ஒரு மணி நேரம் கழித்து, "அது என்ன, தையல் மெஷினா?" என்று கேட்டு இறக்கச் சொன்னேன். துருத்தியின் மடிப்பு ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தேன். பூஞ்சை வாடை இல்லை. தோள்வாரைப் பிடித்துத் தொங்கினேன், அறுந்து வரவில்லை. பிறகு துருத்தியை விரித்து விரித்து நாற்பத்தொரு கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டேன். எல்லாம் மணி மாதிரி. ஆனாலும் உதட்டைப் பிதுக்கினேன். வீட்டுக்காரப் பையன் ஹெப்பாள் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறவன், பொறுமையானவன்தான். கடைசியில் அவனுக்கே தாங்கவில்லை.

"சார், இது எங்கப்பாவோடது சார். நான் எங்கயோ திருடிட்டு வந்து நிக்கிற மாதிரியே பாக்கறீங்க!"

சுவரோர நாற்காலி

அந்த வாத்தியத்தோடுதான் எங்கள் குழுவில் சேர்ந்தேன். பதினொரு பேர், பதினொரு அக்கார்டியன், சனிக்கிழமை மதியம் ஒரு பள்ளிக்கூட ஹால். நடத்துகிறவர் கிரேஸ் டீச்சர். பாட்டு வாத்தியாராக இருந்து ரிட்டையரானவர். தாளில் ஒவ்வொரு வரிக்கு மேலும் அம்புக்குறி போட்டிருப்பார். இங்கே துருத்தியை விரி, இங்கே மூடு என்று. பதினொரு துருத்தியும் ஒன்றாக விரிந்து ஒன்றாக மூட வேண்டும். ஒருவன் மாறினால் மார்ச் பாஸ்ட்டில் கால் மாற்றிப் போட்டவன் மாதிரி கடைசி வரிசையிலிருந்தே தெரியும்.

நான் முதல் வரிசையில் வலது ஓரம், சுவரை ஒட்டிய நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் சுவர் என்றால் சந்தேகப்பட ஓர் ஆள் குறைவு. இடது பக்கம் சம்பத் சார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மேல்கோட்டை ஐயங்கார். அறுபது வயதுக்கு மேல் அக்கார்டியன் கற்றுக்கொண்டவர். நாங்கள் வாசிக்கிற பெரிய உருப்படியில் நடுவே வருகிற சோலோ அவருடையது. அதற்காக ஏழு வருஷம் காத்திருந்தாராம். எப்போது பார்த்தாலும் மடியில் ஒரு டவலை விரித்து அதன்மேல்தான் வாத்தியத்தை வைப்பார். இவ்வளவு சுத்தமான ஆளை நான் உடனே நம்புவேனா?

முதல் நாளே என் துருத்தி விரிந்து அவர் முழங்கையை இடித்தது. இரண்டாவது தடவையும் இடித்தது. மூன்றாவது தடவை, வாசிப்பை நிறுத்தாமலே என் பக்கம் சாய்ந்தார்.

"சவரி, நீங்க துருத்தியை இழுக்கறேளா, எல்லைக்கல்லை நகத்தறேளா?"

யார் அது?

மூன்று மாதம் கழித்து ஒரு பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்க ஒத்துக்கொண்டோம். அதற்காகப் பாட்டை முதல்முறையாக முழுசாகச் சேர்ந்து வாசித்தபோதுதான் அந்தப் பீடை வந்தது. பெரிய உருப்படியில் ஓரிடத்தில், பதினொரு பேரும் ஒரே சுரத்தில் போய் இறங்குகிற இடத்தில், ஒரு அபசுரம். பல்லில் மண் கடித்த மாதிரி. டீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"யார் அது?"

யாருமில்லை. சரி, ஒவ்வொருவராக அந்தச் சுரத்தை வாசியுங்கள் என்றார். மூடியிருந்த துருத்தியை எல்லோரும் மெதுவாக விரித்து வாசித்தோம். பதினொன்றும் சுத்தம். சேர்ந்து வாசித்தால் மறுபடி மண். இன்னொரு முறை தனித்தனியாக, மறுபடி சுத்தம்.

அன்றிலிருந்து எவனும் எவனோடும் சரியாகப் பேசவில்லை. டீ இடைவேளையில் அவரவர் வாத்தியத்தை அவரவரே தூக்கிக்கொண்டு போய் டீ குடித்தார்கள். பின்வரிசையில் பேஸ் வாசிக்கிற சிந்து, ஐ.டி. பெண், தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும், வாட்ஸப் குழுவில் 'யார் அது' என்று ஓட்டெடுப்பே வைத்துவிட்டாள். சம்பத் சாருக்கு ஆறு, எனக்கு நாலு, கட்டடத்துக்கு ஒன்று. கட்டடத்துக்குப் போட்டது அவள்தான்.

"சும்னே ஒருத்தர ஒருத்தர் பாத்து முறைக்காதீங்க அங்கிள். பதினோரு பேரும் சரின்னா, தப்பு சுவத்தோடதுதான்!"

நான் பிடித்த திருடன்

சுவராம். எனக்கு வந்த நாலு ஓட்டு யார் யார் என்று இரண்டு நாள் தூக்கமில்லாமல் யோசித்தேன். பிறகு வேலையில் இறங்கினேன். சம்பத் சார் விரலையே கவனித்தேன். அந்த இடம் வரும்போது அவர் விரல் கட்டையைத் தொட்டும் தொடாமலும் தயங்கியது. ஓட்டு விழுந்த பயத்தில் தயங்குகிறார் என்று ஒரு நல்ல மனுஷன் நினைத்திருப்பான். நான் நினைக்கவில்லை. வேப்பங்கட்டையைத் தேக்கு என்று பெயின்ட் அடித்து விற்கிறவர்களைப் பார்த்த கண் இது.

அடுத்த சனிக்கிழமை எழுந்து நின்றேன். "டீச்சர், ஒரு தடவை சம்பத் சார் சும்மா இருக்கட்டும். நாங்க பத்துப் பேர் வாசிக்கிறோம்" என்று கத்தியே சொன்னேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். வாசித்தோம். அவர் திருட்டுத்தனமாகக் கட்டையைத் தொடுகிறாரா என்று நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்ததில், மூட வேண்டிய இடத்தில் என் துருத்தி இன்னும் விரிந்துகொண்டிருந்தது. அதை யார் கவனித்தார்கள்? சுரம் சுத்தமாக இறங்கியது. ஹாலே 'ஆ' என்றது.

சம்பத் சார் எழுந்தார். டவலை நாலாக மடித்தார். வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து இரண்டு கொக்கியையும் போட்டார். ரிப்பேர் செய்துகொண்டு வாருங்கள் என்று டீச்சர் சொன்னதற்கு, இந்த வயதில் ரிப்பேருக்கு அலைய முடியாது, விழாவுக்கு நான் வேண்டாம் என்றார். வாசலுக்குப் போனவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம் சவரி. இனிமே ரெண்டு நாற்காலி அகலத்துக்கு இழுக்கலாம்."

பாஷா பாயின் பட்டறை

அந்த வாரம் என் தோள்வாரின் பக்கிள் உடைந்தது. மண்டி மொஹல்லாவில் ஆர்மோனியம் பழுது பார்க்கிற பாஷா பாயிடம் எடுத்துக்கொண்டு போனேன். பக்கிளை மாற்றினார். மாற்றிவிட்டுச் சும்மா இருக்காமல், துருத்தியை முழுக்க விரித்துவிட்டு, அதை மெதுவாக மூடிக்கொண்டே கட்டைகளை வரிசையாக அழுத்தினார். நடுவில் ஒரு கட்டையில் அதே மண்.

எனக்குக் கண் சிவந்துவிட்டது. "பாய், பக்கிளுக்கு வந்தவன்கிட்ட புது வேலை உண்டாக்கறீங்களா? என் முன்னாடி கழட்டு" என்று சத்தம் போட்டேன். பாவம், கழற்றினார். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே இரண்டு ரீடு, காற்றுப் பட்டால் அதிர்ந்து பேசுகிற சின்னத் தகடு. காற்றை உள்ளே இழுத்தால் ஒன்று பேசும், வெளியே தள்ளினால் மற்றொன்று பேசும். தள்ளும்போது பேசுகிற ரீடின் ஓரத்தில், ஒரு கடுகளவு துரு. வாங்கின அன்று விரித்து விரித்தே கேட்டேன். டீச்சர் சோதித்தபோதும் விரித்தே வாசித்தேன். பாட்டில் மட்டும் அந்தச் சுரம் மூடும்போது வருகிறது. சம்பத் சாரைப் பிடித்த அன்று மட்டும், கழுத்தைத் திருப்பிக்கொண்டு, மூடாமல் விரித்திருக்கிறேன்.

உட்கார்ந்துவிட்டேன். பாஷா பாய் துருவைச் சுரண்டி எடுத்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணா, ஆளு மூச்சு இழுக்கறான்னு பாத்துட்டு வாங்கிட்டீங்க. விடறானான்னு பாக்கலியே!"

யாரும் வாங்காத உண்மை

சனிக்கிழமை வாசித்தோம். கண்ணாடி மாதிரி இறங்கியது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "சவரி, உங்க காதை மெச்சணும். சம்பத்தோட சோலோவை நீங்களே வாசிச்சுடுங்க" என்றார். பேரம் பேசாமலே ஒரு நல்ல சாமான் மடியில் வந்து விழுகிறது. என் பிழைப்பில் இப்படி நடந்ததே இல்லை. பொய் சொல்ல மாட்டேன், ஒரு முழுப் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு அந்தச் சோலோவை வாசித்தும் பார்த்தேன். நன்றாகவே வாசித்தேன். காலியாகக் கிடந்த அந்த நாற்காலிக்கு நேராக என் துருத்தி தாராளமாக விரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

எழுந்தேன். "டீச்சர், அது என் வாத்தியம். மூடும்போது வர்ற ரீடு. சரி பண்ணிட்டேன். சம்பத் சார் மேல தப்பில்ல" என்றேன்.

ஒருவனும் நம்பவில்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சோலோ கஷ்டமா இருந்தா நேரா சொல்லுங்க, எதுக்கு இப்படி?" என்றார். நான் கோபத்தில் பாஷா பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேச வைத்தேன். அதைக் கேட்டு இன்னும் சந்தேகம் கூடியது. சாட்சியை ஏற்பாடு செய்துகொண்டு வந்திருக்கிறேனாம். சிந்து வாத்தியத்தின்மேல் கவிழ்ந்து சிரித்தாள்.

"இது என்னமோ ரிவர்ஸ் டீலிங் அங்கிள்! எங்களுக்கு என்ன விக்கப் போறீங்க?"

கேட்டுக்கு அந்தப் பக்கம்

மறுநாள் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு விஜயநகருக்கு, சம்பத் சார் வீட்டுக்குப் போனேன். விழாவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. அவர் கேட்டைத் திறக்கவில்லை. பழைய சாமான்காரன் ஒருவன் வாசலில் வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்?

"வாத்தியம் விக்கறதா இல்லை" என்றார் எடுத்த எடுப்பில்.

நான் வாங்க வரவில்லை என்றேன். அப்படிச் சொல்லித்தான் வாங்குவீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். ரீடு, துரு, மூடுவது, விரிப்பது எல்லாவற்றையும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்திச் சொன்னேன். எதிர்வீட்டில் இரண்டு பேர் மாடிக்கே வந்துவிட்டார்கள். கடைசியில் கேட்டைத் திறந்து, என் வாத்தியத்தை வாங்கி, டவலை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, நாற்பத்தொரு கட்டையையும் விரித்து ஒருமுறை, மூடி ஒருமுறை என்று சோதித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. விற்கிறவன் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரிகிறது, அந்தச் சோதனை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று. காப்பி வந்தது. மடமடவென்று குடித்துவிட்டேன்.

"என்ன செய்யணும், சொல்லுங்க சார். எதுவானாலும் சரி" என்றேன். வாழ்க்கையில் முதல் விலைக்கே நான் தலையாட்டியது அங்கேதான். அவர் யோசித்தார்.

"சோலோ என்னோடது. சுவரோர நாற்காலியும் என்னோடது. எனக்கும் ஒரு பக்கமாவது நிம்மதி வேண்டாமா?"

விழா

வந்தார். டவலோடு வந்தார். சுவரோரத்தில் உட்கார்ந்தார். குழுவில் பாதிப் பேர், நான் ஏதோ கொடுத்து அவரை அழைத்து வந்திருக்கிறேன் என்றே இன்றுவரை நம்புகிறார்கள். விழா மேடையில் சோலோவை அவர் வாசித்தார். ஏழு வருஷம் எதற்குக் காத்திருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பெற்றோர்கள் போனைப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் சந்தோஷத்திலோ என்னவோ, கடைசி வரியில், எல்லோரும் சேர்ந்து வாசிக்கிற இடத்தில், அவர் சுண்டுவிரல் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. இந்தமுறை துரு இல்லை, கண்ணால் பார்த்தேன். டீச்சரின் தலை சடாரென்று முதல் வரிசைப் பக்கம் திரும்பியது. சம்பத் சார் முகம் வெளுத்தது. கைதட்டலுக்கு நடுவே டீச்சர் எங்கள் முன்னால் வந்து நின்று, "யார் அது?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான்தான் டீச்சர். விரல் தவறிடுச்சு" என்றேன்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தார். சம்பத் சார் வெகுநேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் வாத்தியத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"சவரி, உண்மையைச் சொல்லுங்கோ. எங்கிட்ட எதை அடிமாட்டு விலைக்குத் தட்டிண்டு போகப் பாக்கறேள்?"

பொய் சொல்லியே கட்டில் விற்ற காலமெல்லாம் என்னை நம்பின இந்த ஊர், ஒரு நிஜத்தையும் ஒரு நல்ல பொய்யையும் சொன்ன பிறகுதான் என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்திருக்கிறது.